பிறர் கண்ணால் காண்பது

விலை பேசுமுன் பொருளைத் தொட்டுப் பார்ப்பது மக்கள் வழக்கம். சந்தைக்கு மாடு வாங்கச் செல்லும் உழவன் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். பல் வயதைச் சொல்லும். பிறகு சுழி பார்க்கிறான். நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறான். திமிலைத் தடவி, கண்ணை நோக்கி, அதன்பின்னரே துண்டுக்குள் கைவிரலைப் பிடித்து விலை பேசுகிறான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்னும் அறிவுரையும் அதனுள்ளே மறைந்து கிடக்கிறது.

ஆயின், வாங்கவேண்டிய பொருள் ஆயிரம் மைலுக்கு அப்பால் நின்றால் வாங்குபவன் என் செய்வான்? அவனுடைய கண்ணும் கையும் அங்கே எட்டா. பிறருடைய கண்ணையும் கையையும் அவன் கடன் வாங்கியாக வேண்டும். பணத்தைக் கடன் வாங்குவதைக் காட்டிலும் கண்ணைக் கடன் வாங்குவது அரிய செயல். அமெரிக்க நாட்டில் பழைய அரிய மகிழுந்துகளை வாங்குவோரும் விற்போரும் அச்செயலை ஒரு முறையாகவே வகுத்து வைத்திருக்கின்றனர்.

இத்தாலியின் மரனெல்லோ நகரில் உருவாகும் ஃபெராரி வண்டிகளுள் ஒன்றான எஃப் 355-ஐ எடுத்துக்கொள்ளலாம். இது 1994 முதல் 1999 வரை செய்யப்பட்டது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே எட்டு உருளைகள் கொண்ட இயந்திரம் அமைந்திருக்கும். உருளை ஒன்றுக்கு ஐந்தாக மொத்தம் நாற்பது வால்வுகள் அதில் இயங்கும். இன்று இவ்வண்டி நூறாயிரம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலை போவது வியப்பன்று. சிகாகோ நகரில் வாழும் ஒருவர், புளோரிடா மாநிலத்தில் விற்பனைக்கு நிற்கும் அத்தகைய வண்டி ஒன்றின் படத்தைக் கண்டதாகக் கொள்க. பள்ளிப் பருவத்தில் அவ்வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர் அவர். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இப்போது அவர் கையில் இருக்கிறது. இல்லத்தரசியும் அரை மனத்தோடு இசைந்துவிட்டார். படத்தில் வண்டியின் சிவப்பு பளபளக்கிறது. அவர் உள்ளமோ படத்தைப் பார்த்த அன்றே அவ்வண்டியை வாங்கிவிட்டது. பணம் கொடுப்பது மட்டுமே எஞ்சியிருந்தது.

இத்தகைய வாணிகத்தில் உள்ள இடரைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் விளக்கினார். பழைய வண்டியின் குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று பிரித்தறிய இயலாத வாங்குநர், எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே தர முன்வருவர். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் உடைமையாளர் மனம் ஒப்பார். அவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சி நிற்பவை பெரும்பாலும் பழுதுள்ளவையே. இவ்வாறு அறியாமை வாங்குபவரை மட்டுமன்றி நேர்மையான விற்பனையாளரையும் சேர்த்தே கெடுக்கிறது. இத்துறை ஆய்வுக்காக அக்கர்லோஃப் வேறு இருவரோடு 2001-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாங்குமுன் செய்யும் சோதனை அந்த அறியாமைச் சுவரில் திறக்கப்படும் ஒரு சாளரம் எனலாம்.

சோதனைக்குப் பணம் செலவிடுமுன் இருந்த இடத்திலிருந்தே அறியத்தக்கவை பல உள. 1981-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் வண்டி ஒவ்வொன்றுக்கும் பதினேழு எழுத்தும் இலக்கமும் சேர்ந்த அடையாள எண் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு வண்டி எந்தெந்த மாநிலத்தில் இருந்தது என்னும் வரலாற்றைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஆனால், பதிவானது மட்டுமே அவ்வரலாற்றில் இருக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாமல் தட்டிச் சீர்செய்து வண்ணம் பூசிய விபத்து அதில் இடம்பெறாது. எனவே, பணிமனைச் சீட்டுகளையும் கேட்டுப் பெறவேண்டும். சீட்டுகளில் ஆண்டுதோறும் குறிக்கப்பட்ட மைல் கணக்கு ஏறுமுகமாகவே செல்கிறதா என்று பார்க்கவேண்டும். மைல் அளவியைத் திருத்துவது 1972-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். சட்டம் இருப்பதனாலேயே குற்றம் மறைந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அடுத்து வருவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை. செயலின் உயிர்நாடி இதுவே. விற்பவர், "என் பணிமனைக்காரரே பார்த்துச் சொல்வார், பத்தாண்டுகளாக இந்த வண்டியைப் பார்ப்பவர் அவர்தாம்" என்று கூறக்கூடும். அக்கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. அவ்வண்டியை அவரைப்போல் அறிந்தவர் பிறர் இலர். ஆயின், அவர் உப்பைத் தின்றது விற்பவரிடம். தாம் செய்த வேலையின் குறையைத் தாமே எடுத்துரைப்பதும் எளிதன்று. ஆதலால், அறிந்தோர் இரண்டையும் பிரித்துக்கொள்வர். பழைய பணிமனைக்காரரிடம் தொலைபேசியில் பேசி வரலாற்றைக் கேட்டறிவர். சோதனையையோ, விற்பவரோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத, அதே வகை வண்டிகளில் பழகிய வேறொருவரிடம் ஒப்படைப்பர். ஃபெராரி உடைமையாளர் சங்கங்களில் விசாரித்தால், அந்த வட்டாரத்தில் யார் கைதேர்ந்தவர், யார் நாநயம் உடையவர் என்பது தெரியவரும். கட்டணத்தை வாங்குபவரே செலுத்தவேண்டும். அறிக்கையும் அவருக்கே நேரே வரவேண்டும். யார் கூலி தருகிறாரோ அவருக்கே கண் உண்மை பேசும்.

ஏற்பாடுகளிலும் நுணுக்கம் உண்டு. விற்பவரின் இசைவை எழுத்தில் பெறவேண்டும். வண்டியைப் பணிமனைக்கு யார் கொண்டுசெல்வது, வழியில் ஏதும் நேர்ந்தால் யாருடைய காப்பீடு பொறுப்பேற்பது என்பவற்றை முன்கூட்டியே பேசி முடிக்கவேண்டும். முன்பணம் கொடுப்பதாயின், சோதனையில் மனநிறைவு ஏற்படாதபோது அது திருப்பித் தரப்படும் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே முதன்முறை இயக்கிப் பார்க்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்வதும் நன்று. சூடேறிய இயந்திரம் தன் நோய்களுள் சிலவற்றை மறைத்துவிடும்; குளிர்ந்த இயந்திரத்தின் புகையும் ஓசையும் மறைப்பதில்லை.

பணிமனையில் நடைபெறுவது ஏறத்தாழ ஒரு மருத்துவச் சோதனையே. வண்ணப் பூச்சின் தடிப்பை மைக்ரான் கணக்கில் அளக்கும் சிறு கருவியை உடலெங்கும் வைத்துப் பார்ப்பர். ஓரிடத்தில் மட்டும் எண் இரு மடங்காயின், அங்கே ஒரு கதை புதைந்திருக்கிறது. சக்கரத்தின் ரப்பரில் பொறித்த நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம் என்பது பொருள். ஓடாமலே முதுமையடைந்த சக்கரம் பார்வைக்குப் புதியதாகத் தோன்றும். விரைந்தோடுகையில் உயிரை வாங்கும். பின்னர் இயந்திரத்தின் உருளைகளில் அழுத்தச் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்வர். கசிவுச் சோதனையில் உருளைக்குள் காற்றைச் செலுத்தி, அதில் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்று அளப்பர். எட்டு உருளைகளும் ஒத்திருப்பதே நல்ல இயந்திரத்தின் அடையாளம்.

எஃப் 355-க்கெனத் தனியே பார்க்கவேண்டியவையும் உள. அதன் பழைய வண்டிகள் சிலவற்றில் வால்வுத் தண்டு ஏறியிறங்கும் வெண்கலக் குழல்கள் விரைவில் தேய்வதுண்டு. கழிவுப்புகைக் குழாய்கள் வெடிப்பதுண்டு. டைமிங் பெல்ட் எனப் பணிமனைகளில் வழங்கும் பற்பட்டைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டும். பட்டை அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே பாழாகும். அப்பட்டைகளை முறையாக மாற்ற இயந்திரத்தையே வண்டியிலிருந்து கீழே இறக்கியாக வேண்டும். அதனோடு சேர்த்துச் செய்யும் வேலைகளுக்கான செலவு பத்தாயிரம் வெள்ளியை எட்டுவதும் கடப்பதும் உண்டு. சோதனைக்கு ஆகும் செலவோ சில நூறு முதல் ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேல். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்ப்பவர் சோதனைக் கட்டணத்தை வீண் செலவு எனக் கருதமாட்டார்.

சிகாகோக்காரருக்கு அறிக்கை வந்து சேர்கிறது எனக் கொள்க. ஐம்பது நிழற்படங்கள், மூன்று பக்கக் குறிப்புகள். ஆறு உருளைகளில் கசிவு ஐந்து விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இரண்டில் மட்டும் பதினெட்டு. பற்பட்டை மாற்றி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வலப்பக்க முன்தகட்டில் வண்ணம் தடித்திருக்கிறது. இவற்றுள் ஒன்றும் வண்டியைக் குப்பையில் தள்ளும் குறையன்று. ஆயினும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அவர் எழுதப்பட்டதை மட்டும் படித்து அமையாமல், சோதித்தவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். எழுத்தில் வாராத தயக்கம் குரலில் வரும். "இப்பணம் உங்களுடையதாயின் வாங்குவீர்களா?" என்று கேட்கிறார். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. "இந்த விலைக்கு வாங்கமாட்டேன்" என்று விடை வருகிறது.

உண்மையான சோதனை அந்த நொடியில்தான் தொடங்குகிறது. அதுவரை சோதிக்கப்பட்டது வண்டி. இனிச் சோதிக்கப்படுவது வாங்குபவரின் மனம். அவர் உள்ளத்தில் ஒரு வழக்கறிஞர் எழுந்து வாதாடுகிறார்: பதினெட்டு என்பது பெரிய எண்ணா? சோதித்தவர் சற்று மிகையாக அஞ்சுகிறாரோ? வேறொருவரிடம் காட்டினால் என்ன? வேண்டிய விடை வரும்வரை ஆளை மாற்றிக்கொண்டே செல்பவர் சோதனை செய்கிறார் என்று சொல்வதற்கில்லை. தம் ஆசைக்குச் சாட்சி தேடுகிறார். சிகாகோக்காரர் பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிட்டு, அத்தொகையைக் குறைக்குமாறு விற்பவரிடம் பணிவோடு கேட்கிறார். விற்பவர் மறுக்கிறார், அது அவர் உரிமை. வாங்க வந்தவர் நன்றி கூறி விலகுகிறார். முன்பணம் ஒப்பந்தப்படி திரும்பி வருகிறது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வாராதிருக்கலாம். எனினும், இருபது ஆண்டுச் சேமிப்பு அவரிடமே இருக்கிறது. நல்ல வண்டி ஒன்று வரும் நாளுக்காக அவர் காத்திருக்கலாம்.

சோதனைக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. அது ஒரு நாளின் நிலையைக் காட்டும் படமே; நாளைக்கான உறுதிமொழி அன்று. விற்பவருக்குச் செய்யவேண்டிய கடமையும் ஒன்று உண்டு. வாங்கும் எண்ணமும் பணமும் உறுதியாக இல்லாதவர் பிறருடைய அரிய பொருளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுதல் முறையன்று. நேர்மையான விற்பனையாளர் சோதனையை வரவேற்பார். அவருடைய நேர்மைக்கு அதுவே சான்றிதழாகும். சோதனை என்றவுடன் சினங்கொள்பவர், வாங்குபவர் கேளாமலே விடை கூறிவிடுகிறார்.

இம்முறை மலேசியருக்கு முற்றிலும் புதியதன்று. ஜப்பானிலிருந்து வந்து இந்நாட்டுச் சாலைகளில் ஓடும் 'ரீகாண்ட்' வண்டிகளுக்கு, அந்நாட்டு ஏலக் கூடங்களில் ஆய்வாளர் ஒருவர் நிரப்பிய தாள் உண்டு. தரத்துக்கு ஓர் எண். விபத்துக்குப் பின் சீர்செய்யப்பட்டதாயின் 'ஆர்' என்னும் எழுத்து. கடலுக்கு இப்பால் இருப்பவர் அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்தால், அவரும் பிறர் கண்ணால் கண்டவரே ஆவார். கேளாதவர் வண்ணப் பளபளப்பை மட்டுமே கண்டவர்.

திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்துதெளிதல் என்பது பெயர். ஆராய்தல் முன்னும் நம்புதல் பின்னுமாக அச்சொற்கள் நிற்கும் வரிசை கருதத்தக்கது. அவ்வதிகாரம் வண்டியைப் பற்றியதன்று. ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. தொலைவில் நிற்கும் வண்டியை வாங்குபவரும் முதலில் தேர்ந்தெடுப்பது ஓர் ஆளைத்தான். தக்காரை ஆராய்ந்து தேர்ந்தபின், அவர் கூறும் கசப்பான சொல்லையும் ஏற்கும் துணிவு வேண்டும். அத்துணிவு இல்லாதவருக்கு எத்தனை பக்க அறிக்கையும் வெறுந்தாளே.