பட்டாணிக்குப் பிடித்த தக்காளி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவு. கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்து, நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தது. ஆந்திரா பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். வழியில் டீக்கடையில் யாரோ கொடுத்தார்களாம். அது 2012. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கருவடிக்குப்பத்தில், சித்தானந்த சாமி கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு.

"கூர்மாவதாரம்டி, வெளியில விட்டுடாத" என்றாள் ஆயா. அம்மா வாயை மூடிக்கொண்டாள். பட்டாணி என்று பேர் வைத்தேன்.

காலியாகக் கிடந்த மீன் தொட்டியில் மண் போட்டு, வெயில் வரும் ஜன்னலோரம் வைத்தோம். முதல் இரண்டு நாள் தலையையே நீட்டவில்லை. மூன்றாம் நாள் ஆயா ஒரு துண்டு தக்காளியை முன்னால் வைத்தாள். கழுத்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தது. வாயெல்லாம் சாறு. நாங்கள் மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தோம், அம்மா உட்பட.

அதற்கப்புறம் யாராலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. வாழைப்பழம், தர்பூசணி, பாலில் ஊறிய ரொட்டி. சிவப்பாக எதையாவது நீட்டினால் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வரும். ஆமை ஓடுமா என்று கேட்காதீர்கள், பட்டாணி ஓடியது. "என்னைப் பாத்தா வருது பாரு" என்று ஆயா தெருவுக்கே சொன்னாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், என்னைப் பார்த்தும் வருகிறதா என்று தக்காளியோடு போய் நிற்பேன். வந்தது. அருகம்புல்லை வைத்தால் மட்டும் மிதித்துக்கொண்டு போய்விடும்.

நாலைந்து மாதத்தில் கழிச்சல் ஆரம்பித்தது. ஒருநாள் தூக்கும்போது ஓட்டின் ஓரம் என் விரலுக்கு லேசாக அமுங்கியது. அமுங்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அப்பா அழைத்துப்போனார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகப் பட்டியல் சொன்னேன். அவர் திட்டவில்லை. இது புல்லும் இலையும் தின்கிற பிராணி, பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன, தினம் சர்க்கரை போனால் அந்தக் கூட்டமே கலைந்துவிடும் என்றார். பாலைச் செரிக்க அதற்கு வழியே இல்லை. வாழைப்பழத்தில் கால்சியத்தைப்போல நான்கு மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது, தக்காளியில் இரண்டு மடங்குக்கு மேல். பாஸ்பரஸ் மிஞ்சினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். ஆமைக்கு ஓடும் எலும்புதான். வெயிலில்தானே வைத்திருக்கிறோம் என்றேன். வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்றார். வெளிச்சத்தைக் கொடுத்தோம், வெயிலைக் கொடுக்கவில்லை.

கடைசியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். இதை வீட்டில் வைப்பதே குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, வனத்துறையில் ஒப்படைத்துவிடுங்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அமீனா நிஜமாகவே வந்துவிடுவான் போலிருந்தது.

உடனே ஒப்படைக்கவில்லை. தேறட்டும் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் மனசு வரவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றினோம். அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை வாங்கிச் சுரண்டி மேலே தூவினோம். காலையில் மொட்டை மாடியில் நிழலும் வெயிலுமாக விட்டோம். வெதுவெதுப்பான தண்ணீரில் தாடை மூழ்காத ஆழத்தில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தோம். முதல் ஐந்து நாள் புல்லைத் தொடவே இல்லை. ஆயா அழுதாள். "பட்டினி போட்டுக் கொல்றீங்க." அவளுக்குச் சர்க்கரை. டீயில் சீனி போடாத அம்மாவோடு தினமும் சண்டை போடுகிறவள். "அதுக்கும் உன்ன மாதிரிதான் ஆயா" என்றேன். அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்தாள். ஆறாம் நாள் பட்டாணி பூவைத் தின்றது, பிறகு இலையை.

குயில்தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்றும் ஆயா கேட்டாள். பாரதி பாட்டுக் கட்டின தோப்பாயிற்றே, அங்கே போய் நல்லா இருக்கட்டும் என்று. நானும் ஆசைப்பட்டேன். குஜராத், ராஜஸ்தான் பக்கத்து ஆமைகள் வேறு, தென்னிந்திய ஆமைகள் வேறு, இலங்கை ஆமைகள் வேறு, கண்ட இடத்தில் விட்டால் ரத்தமும் கலக்கும், வீட்டில் பிடித்த நோயும் காட்டுக்குப் போகும் என்பதெல்லாம் பிறகு படித்தது. 2019இல் இந்த இனத்துக்குச் சர்வதேச வணிகத் தடை வந்தது. 2022 திருத்தத்தில் நம் சட்டம் இதை நான்காம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு ஏற்றியது. புலி இருக்கும் பட்டியல்.

வெளிநாட்டில் சட்டப்படி ஆமை வளர்க்கும் ஒரு தோழி, குட்டிக்கு என்ன ஸ்நாக்ஸ் தரலாம் என்று போன மாதம் கேட்டாள். பூ கொடு என்றேன், செம்பருத்தி, ரோஜா, மருந்தடிக்காதது. பழம் என்றால் சப்பாத்திக்கள்ளிப் பழம், எப்போதாவது, உன் சுண்டுவிரல் நகம் அளவு. பசலைக்கீரை தினமும் வேண்டாம், அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டி, பால், சோறு எப்போதும் கூடாது. ஓடு கூம்பு கூம்பாக எழும்பினால் சாப்பாட்டை மட்டும் பார்க்காதே, காற்றில் ஈரம் இருக்கிறதா என்றும் பார். ஆப்பிரிக்க ஆமைக்குட்டிகளை வைத்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புரதத்தைவிட வறண்ட காற்றுதான் அதற்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது.

ஒப்படைக்கக் கிளம்பிய காலையில் ஓடு அமுங்கவில்லை. அட்டைப்பெட்டியில் புல் பரப்பிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு ஒரு நாள்" என்று ஆயா விரலை நீட்டினாள். நுனியில் நகத்தளவு தக்காளி. நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டாணி கழுத்தை நீட்டி விறுவிறுவென்று வந்தது.

"பாத்தியா, என்னத் தெரியுது" என்றாள்.

நில ஆமைகளுக்குச் சிவப்பென்றால் ஒரு இழுப்பு உண்டு என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆமா ஆயா என்றேன்.