வேகம் குறைந்த ரீல்

ஐரிஷ் இசைன்னாலே என் நண்பர்களுக்கு வேகம்தான் ஞாபகம் வரும். கை தட்டணும், கால் தாளம் போடணும், அவ்வளவுதான். அவர்களுக்கு நான் அனுப்புவது ஒரே ஆல்பம்: 1997இல் வந்த ‘தி லோன்சம் டச்’.

மார்ட்டின் ஹேய்ஸ் ஃபிடில், டென்னிஸ் கேஹில் கிட்டார். இரண்டே வாத்தியம். ஹேய்ஸ் அயர்லாந்தின் மேற்கே கிளேர் பகுதிக்காரர். அப்பா பி.ஜே. ஹேய்ஸ், துல்லா கெய்லி பேண்டில் ஆடுபவர்களுக்காக வாசித்தவர். மகனுக்கு வந்ததும் அதே ரீல், அதே ஜிக். ஆனால் மகன் பலவற்றை நிதானமாக வாசிக்கிறார். அப்போதுதான் ஆட்ட மெட்டுக்குள் இவ்வளவு துக்கம் இருந்தது காதில் விழுகிறது. கிளேர்க்காரர்கள் நல்ல வாசிப்பில் தேடும் அந்த ஏக்கம்தான் ஆல்பத்தின் பெயர்.

கேஹில் ரொம்பக் கம்மியாத்தான் வாசிப்பார். ஒரு தந்தியைத் தொடுவார், அப்புறம் சும்மா இருப்பார். இதுக்கு எதுக்கு கிட்டார்னு முதலில் தோன்றும். 2022இல் அவர் இறந்த செய்தி படித்துவிட்டு மறுபடி கேட்டேன். ஃபிடிலை விட்டுவிட்டு அந்த இடைவெளிகளையே காது தேடிப் போனது.

மரபைக் காப்பது என்றால் அச்சு மாறாமல் திருப்பிச் செய்வது என்று நம்மிடையே பலருக்கு எண்ணம். இந்த இருவரும் மெட்டைக் கைவிடவில்லை, அவசரத்தை மட்டும் விட்டார்கள். ராத்திரி, ஹெட்போன் போட்டு, முதல் டிராக்கிலிருந்து வரிசையாகக் கேட்டுப் பாருங்க.