கோலி இல்லாத பட்டியல்

"நல்ல பையன்களைச் சேர்த்துவிட்டால் போதும், பி.டி. சார் விசில் ஊதினாலே அணி ஜெயிக்கும்." அண்மையில் ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் இப்படிப் பேசினார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நான் குமரி மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் கால்பந்து அணியை வலுவான அணி என்று யாரும் சொன்னதில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் காலிறுதியைத் தாண்டிவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் அதைப் பற்றியே பேசுவோம். அப்படிப்பட்ட அணியோடு வாழ்க்கையைக் கழித்தவனுக்கு அந்தப் பேச்சு சுட்டது.

நல்ல பையன்களை எங்கிருந்து சேர்ப்பது? வருகிறவனை வைத்துத்தான் ஆட வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வை ஜூனில் வைப்போம். மேற்குக் கடலில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பையன்கள் அந்த நாட்களில்தான் கரையில் இருப்பார்கள். கால் திறமைக்கு அந்தக் கடற்கரையில் பஞ்சமே கிடையாது. ஐ.எஸ்.எல். ஆடி இந்திய அணி வரை போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அவர் பெயர் எடுத்த பிறகு தேர்வுக்கு வருகிறவன் எல்லாம் விங்கில்தான் ஆடுவேன் என்கிறான். பட்டியலைப் பார்த்தால் விங்கர் ஏழெட்டுப் பேர், ஃபார்வேர்டு நான்கைந்து பேர். இடது பேக் ஒருவனும் இல்லை, கோல் காக்கும் கோலியும் இல்லை.

ஆகஸ்டில் படகுகள் இறங்கும்போது, தேர்வானவர்களில் சிலர் அப்பாவோடு ஆழ்கடலுக்குப் போய்விடுவார்கள். தங்கல் என்றால் வாரக்கணக்கு. வீட்டுக் கடனைக் கட்டப் போனவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 75 சதவீத வருகைப்பதிவு அவனுக்காகக் காத்திருக்காது. மீதியிருப்பவர்களை மழை விட்டதும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் இழுத்துக்கொள்ளும். மலப்புரம் பக்கம் ஓர் இரவு ஆடினால் கையில் காசு. நான் கொடுக்கும் பேட்டாவில் ஒரு சாப்பாடும் பஸ் கட்டணமும் போனால் மிச்சமில்லை. செவன்ஸில் முட்டியை உடைத்துக்கொண்டு காலையில் மைதானத்தில் வந்து நிற்பவனைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

மூன்றாண்டுப் படிப்பு என்பது இன்னொரு தலைவலி. முதலாண்டில் உடம்பு போதாது, இரண்டாம் ஆண்டில் ஆட்டம் பிடிபடும். மூன்றாம் ஆண்டில் ஆளாகி நிற்கும்போது அரியர், புராஜெக்ட், போலீஸ் தேர்வு என்று வரிசையாக வந்துவிடும். அதன் பிறகு டி.சி.தான்.

இவை எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம். விங்கரை இறக்கி விங் பேக் ஆக்கலாம், 4-3-3 வரவில்லையென்றால் 4-4-2 என்று மாற்றிக்கொள்ளலாம். கோலியை மட்டும் யாரிடமும் கடன் வாங்க முடியாது. பணியில் இருந்த காலமெல்லாம் என்னைத் தூங்கவிடாதது அந்த ஒரு இடம்தான். கோலியாக ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு எந்தப் பையனும் கல்லூரிக்கு வருவதில்லை. பள்ளியில் ஓடத் தெரியாதவனைப் போஸ்டுக்குள் நிறுத்தி வைத்திருப்பார்கள். அவனும் பிளஸ் டூவோடு ஆட்டத்தை விட்டுவிடுவான். ஆகவே கோலியை நான்தான் உண்டாக்க வேண்டும்.

தேர்வு நடக்கும்போது நான் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பையன்கள் நினைப்பார்கள். நான் பார்ப்பது கைகளை. பந்து எல்லையைத் தாண்டி வெளியே போனால் எவன் அதை எட்டிப் பிடித்து எறிகிறான், எப்படிப் பிடிக்கிறான் என்று கவனிப்பேன். வள்ளவிளையிலிருந்து ஃபார்வேர்டாக வந்த ஒரு பையன், தலைக்கு மேலே போன பந்தைச் சத்தமே இல்லாமல் எடுத்தான். உள்ளங்கையில் அடித்துத் தெறிக்கவில்லை, விரல்களில் வந்து அடங்கியது. சிறு வயதிலிருந்தே தூண்டில் கயிறு இழுத்த கை அது. "மக்கா, நாளைக்கு போஸ்டுக்குள்ள நில்லு" என்றேன். "சார், நான் ஃபார்வேர்டு" என்றான். "தெரியும். நில்லு."

மறுநாள் வரவில்லை. அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "கோலி நின்னா வேலை கிடைக்குமா சார்?" ரயில்வே, போலீஸ், வங்கி என்று எந்த அணியானாலும் கோலி வேண்டும், அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறவர்கள் குறைவு என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். பையன் வந்தான்.

கடற்கரைப் பையனுக்குப் பாய்வதைக் கற்றுத்தர வேண்டியதில்லை, மணலில் பிறந்தவன். ஆனால் எங்கள் மைதானம் செம்மண்ணும் சரலும். முதல் வாரத்தில் இடுப்புத் தோல் உரிந்தவன், அடுத்த வாரம் விழப் பயந்தான். அப்போது உடனே நின்று விழவிடக் கூடாது. முதலில் மண்டியிட்டு, பிறகு குந்தி, அதன் பிறகே நின்று விழ வேண்டும். தரையில் பந்துதான் முதலில் பட வேண்டும், அதற்குப் பிறகு முன்கை, தோள், கடைசியாக இடுப்பு. வலி போனால் பயம் போகும்.

அதைவிடக் கடினம், எங்கே நிற்பது என்பது. பாயத் தெரிந்தவன் எல்லாப் பந்துக்கும் பாய்வான், பார்க்கவும் அழகாக இருக்கும். நல்ல கோலி அதிகம் பாயமாட்டான். இரண்டு போஸ்டிலும் கயிறு கட்டி, இரண்டு முனைகளையும் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடிப்பேன். "கோட்டில் நில்லு" என்பேன். இரண்டு பக்கமும் கயிற்றுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம். "மூணு எட்டு முன்னால வா" என்பேன். கைநீட்டினால் கயிறு விரலில் படும். 7.32 மீட்டர் அகலக் கோல் அவன் கண்முன்னே சுருங்கிப்போவதை அவன் முகத்திலேயே பார்க்கலாம். பந்தை இடமும் வலமும் நகர்த்தி, கயிற்றையும் நகர்த்தி, கயிறில்லாமலே கயிறு தெரிகிற வரைக்கும் செய்ய வேண்டும். எதிராளி கால் ஓங்கும் நொடியில் கோலியின் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். நடந்துகொண்டே இருப்பவனால் பாய முடியாது. இந்த ஒன்று ஒருவனுக்கு உடம்பில் ஏற ஒரு சீசன் முழுக்கப் போய்விடும். கிராஸ் பந்துக்கு வெளியே வருவது அதற்கும் அடுத்த ஆண்டுப் பாடம்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. பீட்டர் தங்கராஜ் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு சென்டர் ஃபார்வேர்டாகத்தான் ஆடத் தொடங்கினார். அங்கே அவரைக் கோலியாக மாற்றினார்கள். அந்த அணி 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பை வென்றது. அவர் இந்திய அணியோடு மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். அந்த இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம் பள்ளி ஆசிரியர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் அடிபட்ட ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை முன்னால் ஃபார்வேர்டாக நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் ஜர்னைல் சிங்குடையது. கையில் இருக்கிற ஆளிடம் இல்லாத ஆளைக் காண்பது, அதுதான் எங்கள் தொழில்.

இப்போது அதற்கு அவசியமில்லை என்கிறார்கள். வசதியுள்ள கல்லூரிகள் விடுதி, மெஸ், கட்டணம் எல்லாம் இலவசம் என்று சொல்லி நாங்கள் வளர்த்த பையனை இரண்டாம் ஆண்டிலேயே கூட்டிப்போகின்றன. பல்கலைக்கழகப் போட்டிக்கு வயது வரம்பு 25. அதுவரை ஒரு பட்டம் முடிந்தால் இன்னொரு பட்டம் என்று அவனை வைத்துக்கொள்கின்றன. கோப்பை அவர்களுக்கு. அந்தக் கோப்பை அணியில் அவர்களே உருவாக்கிய ஒருவனைக் காட்டச் சொல்லுங்கள். இளம் பயிற்சியாளர்களிடமும் வருத்தம் உண்டு. மைதானம் முழுக்கக் கூம்பும் ஏணியும் பரப்பி, யூடியூபில் பார்த்ததைச் செய்யச் சொல்கிறார்கள். கோலிகள் இருவரும் ஓரத்தில் ஒருவருக்கொருவர் பந்தை எறிந்துகொண்டிருக்கிறார்கள். சொந்த அணிக்காரன் காலால் பின்னால் தரும் பாஸைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அதற்காகக் கோலிக்குக் கால் ஆட்டம் சொல்லித்தருகிறார்கள், சரிதான். ஆனால் கை? நிற்கும் இடம்? கேட்டால், "அதெல்லாம் நேச்சுரலா வரணும் சார்" என்று பதில்.

நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் கல்லூரியில் என் இடம் நிரப்பப்படவில்லை. வேறு துறை ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். நல்ல மனிதர், மைதானத்துக்கு வர அவருக்கு நேரமில்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். சம்பளம் வேண்டாம், காலை 6 மணியிலிருந்து 7 வரை கோலிகளை மட்டும் என்னிடம் விடுங்கள், கடற்கரை ஊர்களில் தேர்வை ஜூலை 31க்கு முன் நடத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. கயிறும் இரண்டு பழைய பந்தும் என் வீட்டில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை செயலரை நேரில் பார்க்கப் போகிறேன்.