ஹார்வர்டிலிருந்து செமிலிங் வரை

கெடாக்காரர்களிடம் ஹார்வர்ட் என்றால் பலருக்கு அமெரிக்கா ஞாபகம் வராது. பீடோங் தோட்டம்தான் வரும். அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளிகளே உண்டு. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகள் அவை.

பீடோங்கிலிருந்து செமிலிங் சாலையில் திரும்பினேன். ஜெராய் மலை கூடவே வந்தது. வழியில்தான் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்ஐஇடி 2001-இல் தொடங்கியது. முதலில் சுங்கை பட்டாணியில் தற்காலிக வளாகம், பிறகு இங்கே சொந்த இடம். முன்னின்று உருவாக்கியவர் துன் சாமிவேலு. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என நம் வீடுகள் ஆசைப்படும் படிப்புகள் எல்லாம் இங்கே உண்டு.

அதே சாலை மெர்போக் போகிறது. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அங்கேதான். 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழைய சண்டிகளைக் காட்டுகிறோம். போகும் வழியில் இருக்கும் பல்கலைக்கழக வாசலை மட்டும் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

காரணம் இல்லாமல் இல்லை. இது தனியார் பல்கலைக்கழகம். மருத்துவப் படிப்பின் கட்டணத்தைக் கேட்டால் சம்பளக்காரக் குடும்பத்துக்குத் தலை சுற்றும். ஆனால் பிடிபிடிஎன் கடன் இருக்கிறது, எம்ஐஇடியின் கல்விக் கடனும் இருக்கிறது. எஸ்பிஎம் முடிவு வந்தபின் ஓடுவதைவிட, பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே விசாரிப்பது நல்லது.

அடுத்த பள்ளி விடுமுறையில் மெர்போக் போகிறீர்களா? பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிட்டு, செமிலிங்கில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். கட்டணத்தை நீங்கள் கேளுங்கள். மற்றதைப் பிள்ளையே கேட்கட்டும்.