மூச்சை எண்ணும் வேலை

“கையிலதானுங்க அடி, மூச்சை எதுக்கு எண்ணிட்டே இருக்கறீங்க சிஸ்டர்?” என்று ஒரு ராத்திரி ஒருவர் கேட்டார். அவருடைய அக்கா மகனின் கை காம்பாக்டிங் மெஷினில் சிக்கியிருந்தது. சூடான உருளைக்குள் போன கை நசுங்குவதோடு வெந்தும் போகும். திருப்பூரில் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் காயத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

“காயம் கட்டுக்குள்ள இருக்குதுங்க. உள்ள கெட்டுப்போனா மூச்சுதான் மொதல்ல சொல்லும்” என்றேன்.

செப்சிஸை இங்கே “ரத்தத்துல விஷம் ஏறிருச்சு” என்பார்கள். அது பாதிதான் சரி. கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்பே கட்டுமீறி, நுரையீரல், சிறுநீரகம் என்று சொந்த உறுப்புகளைக் கெடுப்பதுதான் செப்சிஸ். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழ், நினைவில் தடுமாற்றம்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் உஷாராக இருக்கச் சொல்கிறது 2016இல் வந்த கணக்கு. நான் இரண்டாவதுக்குக் காத்திருப்பதில்லை. மூச்சு ஏறினாலே டாக்டரை எழுப்பிவிடுவேன்.

பல வருடம் என்னை அரித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே மாதிரிக் காயம், ஒரே தியேட்டர், ஒரே மருந்து. ஒருவர் பத்தாம் நாள் வீட்டுக்கு நடந்து போவார். இன்னொருவர் நாலாம் நாள் வென்டிலேட்டரில் இருப்பார். டிரெஸ்ஸிங் மாற்றிய என் கையில்தான் தப்போ என்று தூக்கம் கெட்ட நாட்கள் அதிகம்.

பிறகுதான் மரபணுவைப் பற்றிப் படித்தேன். சிலவகை பாக்டீரியாவின் வெளிச்சுவரை அடையாளம் காணும் டி.எல்.ஆர். 4 என்ற புரதம் நம் வெள்ளணுக்களில் இருக்கிறது. அதன் வேலையை 1998இல் எலிகளில் கண்டறிந்து சொன்ன புரூஸ் பாய்ட்லருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் புரதத்தில் 299ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் சிலருக்கு மாறியிருக்கும். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி சரியில்லை என்றால் துணி நெடுக நீடில் லைன் விழுந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். உடம்பில் அப்படியில்லை. பெரிய காயம் படுகிறவரை வெளியே எதுவும் தெரியாது. தீக்காயம் பட்டவர்களை வைத்து அமெரிக்காவின் டல்லாஸில் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கடுமையான செப்சிஸ் அதிகம் என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே இந்த மாற்றம் இருக்கிறதா என்று பரிசோதித்து மருந்தை மாற்றும் வழக்கம் எங்கள் வார்டில் இல்லை.

என்னை உண்மையில் மாற்றியது 1988இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு. தத்துப்போன பிள்ளைகளைப் பார்த்தார்கள். பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றில் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். வளர்த்தவர்களின் சாவுக்கு அப்படித் தொடர்பில்லை. வீடு வேறு, ரத்தம் வேறு என்று பிரித்துக் காட்டிய ஆய்வு அது.

அன்றிலிருந்து, கேஸ் ஷீட்டில் இடம் இல்லாவிட்டாலும் ஒன்று கேட்கிறேன்: “வீட்டுல யாராச்சும் சின்ன வயசுல காய்ச்சல், புண்ணுன்னு தவறிட்டாங்களா?” உள்ளூர்க்காரர் என்றால் கட்டிலைச் சுற்றி நிற்கும் நாலு பேரும் பதில் சொல்வார்கள். ஒரு முறை, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் பக்கத்தில் இருந்தவன் அறைத்தோழன் மட்டும். அவன் ஊருக்குப் போன் போட்டான். அம்மாவிடமிருந்து பதில் வரச் சாயங்காலம் ஆயிற்று: அப்பாவுக்குக் காலில் புண், காய்ச்சல், ஒரே வாரம். அது ரத்தமா, ஆஸ்பத்திரி எட்டாத தூரமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் எண்ணிய மூச்சை அன்று ராத்திரி மணிக்கு ஒரு தரம் எண்ணினேன். இரண்டு மணிக்கு 18 இருந்தது. மூன்று மணிக்கு 24. ரத்தம் கல்ச்சருக்கு எடுத்து, அந்த மணி நேரத்துக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஏற்றினோம். தோழன் கட்டிலுக்கடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தான். போனை நெஞ்சின் மேல் வைத்திருந்தான், அம்மா மறுபடி கூப்பிடுவாள் என்று.