லயத்து அலுமாரி

லண்டன்

கிழக்கு லண்டனின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டால், மலைநாட்டில் பிறந்த எவருக்கும் கால் நின்றுவிடும். ஒட்டுப்பலகைப் பெட்டி. ஓரமெல்லாம் தகரப் பட்டி, அதில் நெருக்கமாகச் சின்ன ஆணிகள். பக்கவாட்டில் கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், எடை, கீழே 'சிலோன்'. இந்த ஊர்க்காரர்கள் அதை வாங்கிப்போய், மேலே கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்குகிறார்கள். சக்கரம் பூட்டிப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைக்கிறார்கள். எழுத்து அழியாமல் இருந்தால் விலையும் கூடுகிறது.

மாத்தளைப் பக்கத்து லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இதே பெட்டி அலுமாரியாக நின்றது.

லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. கோப்பிக் காலத்தில் வகுத்த கணக்கு இது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் அளவு மாறவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த அளவுக்குள்ளேதான் அடுப்பை மூட்டினார்கள், சாமி படத்தை மாட்டினார்கள், பாயை விரித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அலுமாரி என்பது பெரிய விஷயம்.

பெட்டி கிடைப்பதும் எளிதல்ல. பலகை பிளந்தது, மூலை நசுங்கியது என்று தொழிற்சாலையில் கழித்துப் போட்டதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். டீமேக்கர் மனது வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தகரப் பட்டியைக் குறட்டால் கழற்றி, வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார்கள். ஒரு பெட்டிமேல் இன்னொன்றை ஏற்றினால் இரண்டு தட்டு. கதவு வேண்டுமென்றால் மூடிப் பலகை இருக்கிறது. கீலுக்குப் பழைய ரப்பர் செருப்பின் பட்டை போதும், துருப்பிடிக்காது. கதவு வேண்டாதவர்கள் கிழிந்த சேலையின் கரைப் பக்கத்தை நூல் கோத்து முன்னால் தொங்கவிட்டார்கள். உள்ளே ஒட்டியிருந்த அலுமினியத் தாளைப் பிய்க்கவே மாட்டார்கள். தேயிலைக்கு ஈரம் படாமல் காத்த தாள், மலைநாட்டு மழையில் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் ஈரம் படாமல் காத்தது.

அடுத்தது வர்ணம். கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கிய வர்ணமல்ல, எங்கோ பூசி மிஞ்சியது: கூரைக்கு அடித்த காவி, சன்னலுக்கு அடித்த பச்சை. அந்த அடிநிறத்தின் மேல், குச்சியில் துணி சுற்றி, செவ்வரத்தம்பூவும் மயிலும் தாமரையும் வரைந்தார்கள். வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை. பலகையிலும் இலையும் கொடியும் தடங்கலின்றி ஓடும். பூவின் ஐந்து இதழும் ஒரே இழுப்பில் வந்திருக்கும். பழைய லயத்துப் பலகைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால், வர்ணத்துக்கு அடியில் தோட்டத்தின் பெயரெழுத்துகள் மங்கலாகத் தெரியும். லண்டனில் விலை கூட்டும் அதே எழுத்தை மறைக்கத்தான் அங்கே வர்ணம் பூசினார்கள். தோட்டத்தின் பெயர் தங்கள் அலுமாரியிலும் இருக்க வேண்டாம் என்று நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

சுவருக்கு வீரகேசரி, தினகரன் பத்திரிகைத் தாள்கள். கோதுமை மாவைக் காய்ச்சிய பசையில் தாள்தாளாக ஒட்டினால் சாந்து உதிர்வது நிற்கும், குளிர்காற்றும் அடங்கும். சினிமாப் படம் வந்த பக்கம் கட்டில் பக்கமாக வரும்படி பார்த்து ஒட்டுவார்கள். காம்பராவை இரண்டாகப் பிரிக்க வாயில் சேலை. வாசலுக்கு மணித் திரை: பழைய காலண்டரின் வழுவழுப்பான தாளை நீள முக்கோணங்களாக வெட்டி, ஈர்க்கில் இறுக்கிச் சுற்றி, நுனியைப் பசை வைத்து ஒட்டி, உருவி எடுத்தால் ஒரு மணி. அதை நூற்றுக்கணக்கில் கோத்துத் தொங்கவிட்டால் லட்சுமியின் சேலைச் சிவப்பும் முருகனின் மயில் நீலமும் காற்றில் ஆடும்.

தேயிலைப் பெட்டிக்கு உலகத்தில் வேறு வாழ்வும் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகளைச் செய்து விற்றவர்களில் வெனெஸ்டா என்ற லண்டன் நிறுவனமும் ஒன்று. 1907-இல் தென்துருவப் பயணம் போன ஷேக்கில்டன் தன் சாமான்களை வெனெஸ்டாப் பெட்டிகளில்தான் கட்டினார். பனியில் முடங்கிய மாதங்களில் அவருடைய ஆட்கள் அந்தப் பலகைகளால் குடிசைக்குள் தட்டுமுட்டு செய்துகொண்டார்கள். அங்கேயே ஒரு புத்தகம் அச்சடித்து அதற்கும் பெட்டிப் பலகையிலேயே அட்டை போட்டார்கள். 1950-களில் லிவர்பூல் பையன்கள் தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பும் கயிறும் கட்டி வாத்தியமாக்கினார்கள். ஜான் லெனனின் முதல் குழுவிலும் அது ஒலித்தது. இவை எல்லாவற்றுக்கும் படம் உண்டு, புத்தகம் உண்டு, அருங்காட்சியகத்தில் இடம் உண்டு.

மாத்தளையின் மற்றக் கைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. ஹப்புவிட கிராமத்தார் அரக்கைத் தணலில் இளக்கி, நூலாக இழுத்து, சூடு ஆறுமுன் மரக் கம்பில் ஒட்டி, கட்டைவிரல் நகத்தாலேயே வெட்டிப் பூவேலை செய்வார்கள். கடைசியில் ஓலை நறுக்கால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெறும் கைத்தடி சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஒளிவிடும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908-இல் வெளியிட்ட பெருநூலில் இந்த நகவேலையை எழுதி வைத்தார். அலுவிகாரையில் ஈனா டி சில்வா (1922–2015) கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் தையலும், இளைஞர்களுக்கு மரவேலையும் பித்தளை வார்ப்பும் தொழிலாக நிலைநிறுத்தினார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை ஹோட்டலில் கூரைக்கடியில் விரித்த அவருடைய பத்திக் துணியைப் பார்க்கவே ஆட்கள் போனார்கள். இருவரும் செய்தது போற்றத்தக்கது. ஈனாவின் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், இறத்தோட்டைப் பக்கமும் எல்கடுவைப் பக்கமும், காவி அடித்த பெட்டியில் மயில் வரைந்தவளின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

கம்பளை அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, கூடையும் பாத்திரமும் அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாத்தளைக்கும் அப்படி ஒன்று வேண்டும். அவசரமும் இருக்கிறது. ஏற்றுமதித் தேயிலை கடதாசிப் பைக்கு மாறிப் பல காலம் ஆயிற்று, இனிப் புதிய பெட்டி வராது. இந்திய உதவியில் தோட்டங்களில் 10,000 தனி வீடுகள் கட்டும் திட்டத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அந்த வீடுகள் வரத்தான் வேண்டும், இன்னும் வேகமாக வர வேண்டும். ஆனால் குடிபெயரும் நாளில் பெட்டி அலுமாரியும் காலண்டர்த் திரையும் அடுப்புக்குத்தான் போகும்.

ஆகவே மாத்தளையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. கையில் போன் இருக்கிறது. அம்மாயி வீட்டு அலுமாரியை முன்பக்கம் ஒன்று, கீல் தெரிய ஒன்று, உள்ளே தாள் தெரிய ஒன்று என்று படமெடுங்கள். வர்ணம் அடித்தது யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம், பூ வரைய யாரிடம் பழகினார் என்று அவரிடமே கேட்டுப் படத்தோடு எழுதி வையுங்கள்.