‘க’ பாஷை

கம்போங் ராஜாவில் பிற்பகல் மழை ஓய்ந்திருந்தது. தேயிலைக் குன்றுகளின்மேல் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்த மாணவியருள் இருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டனர்.

“கநாகளை கவா. கஅகவகளிகடம் கசொல்கலாகதே!”

பேசிவிட்டு இருவரும் சிரித்தனர். அருகில் நின்ற மூன்றாமவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஈப்போவிலிருந்து வந்தவள். பாட்டி வீட்டில் தங்கி, படிவம் ஒன்றில் சேர்ந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. பேச்சு புரியாவிட்டாலும், அந்தச் சிரிப்பு தன்னைப் பற்றியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகள் அவை. பேத்தி, தான் கேட்ட ஒலிகளை நினைவிலிருந்து சொல்லிக் காட்டினாள். பாட்டி சிரித்துவிட்டார்.

“அது ‘க’ பாஷை, கண்ணு! சின்ன வயதில் லயத்து வாசலில் நாங்களும் பேசியதுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’ போட்டிருக்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல அந்தக் ‘க’வைப் பொறுக்கி எறி.”

அவள் பொறுக்கினாள். ‘நாளை வா. அவளிடம் சொல்லாதே’ என்பது மிஞ்சியது. அவள் முகம் வாடியது. அதைக் கண்ட பாட்டி, மேலே ஒன்றும் கேட்காமல் பேத்தியைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டு, அந்த விளையாட்டைக் கற்பிக்கத் தொடங்கினார்.

‘க’ பாஷை எளிதாகத் தோன்றினாலும் அதற்கும் விதி உண்டு. ‘அம்மா’ என்பதை அந்தத் தோழியர் ‘கஅம்கமா’ என்பர். உயிரெழுத்துக்கும் உயிர்மெய்யெழுத்துக்கும் முன்னால் ‘க’ வரும். மெய்யெழுத்து தனக்கு முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டி காலத்துப் பிள்ளைகளோ மெய்யெழுத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு அது ‘கஅகம்கமா’. ‘கதவு’ என்னும் சொல் ‘கககதகவு’ ஆகும். அதிலுள்ள ‘க’ அனைத்தையும் எறிந்துவிட்டால் ‘தவு’தான் மிஞ்சும். எனவே, எது சேர்த்த ‘க’, எது சொல்லுக்கே உரிய ‘க’ என்று செவி பிரித்தறிய வேண்டும். இலக்கண நூலைத் திறக்காமலேயே பிள்ளைகள் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பழகிவிடுகிறார்கள்.

இத்தகைய விளையாட்டு தமிழருக்கு மட்டும் உரியதன்று. மலாய்ச் சிறுவர்கள் ஒவ்வோர் அசைக்கும் பின்னால் ‘ஃப’ ஒலியைச் சேர்த்து, அந்த அசையின் உயிரொலியைத் திரும்பச் சொல்வார்கள். புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்கு’ என்னும் மலாய்ச் சொல் ‘புஃபுக்குஃபு’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் முதல் மெய்யொலியைச் சொல்லின் இறுதிக்குக் கொண்டுசென்று ‘ஏ’ என்று முடிப்பர். ‘பிக்’ என்பது ‘இக்பே’ ஆகும். ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் ஆக்கான் மொழி பேசுவோரிடமும் ஒலிகளை மாற்றிப் பேசும் மறைமொழி விளையாட்டு உண்டு. மொழிகள் வேறு, ஆனால், பிறர் அறியாமல் பேசும் ஆசை ஒன்றே.

அந்த ஆசை பழமையானது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் ‘குழூஉக்குறி’ என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் அதற்கு எடுத்துக்காட்டுகள். குழூஉக்குறியில் சொல்லே வேறாகிவிடும். பொருளை யாரேனும் சொல்லித்தந்தால்தான் அறிய முடியும். ‘க’ பாஷையிலோ சொல் மாறுவதில்லை. அது ஒலிகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும். கூர்ந்து கேட்பவருக்கு அகப்பட்டுவிடும்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் தோழியர் இருவரும் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்திருந்தனர். ‘என்னை ஏன் ஒதுக்கினீர்கள்?’ என்று கேட்க அவளுக்கு மனம் துடித்தது. கேட்டால் சண்டைதான் வரும். சற்று நின்று யோசித்தாள். பிறகு, பாட்டி கற்பித்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

“கநாகனுகம் கவகரகலாகமா?”

இருவரும் திகைத்தனர். நேற்றுத் தாங்கள் பேசியது அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று உணர்ந்தபோது அவர்கள் முகத்தில் வெட்கம் படர்ந்தது. ஒருத்தி தலைகுனிந்தாள். மற்றவள் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “ஒரு ‘க’ கூடுதலாக இருக்கிறதே?” என்றாள்.

“அது என் பாட்டியின் ‘க’” என்றாள் இவள்.

அதுவரை தலைகுனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். நாற்காலியில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

“கவா” என்றாள்.